பல்கேரிய இளவரசி யூடோக்சியா

இளவரசி யூடோக்சியா (ஜனவரி 5, 1898 – அக்டோபர் 4, 1985) பல்கேரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசி ஆவார். பல்கேரியாவின் மன்னராக இருந்த முதலாம் பெர்டினாண்டுக்கும் அவரது முதல் மனைவி மரீ லூயிசுக்கும் மூன்றாவது குழந்தையாகவும் மூத்த மகளாகவும் பிறந்தவர். மன்னர் மூன்றாம் போரிசின் தங்கை. பல்கேரிய மொழியில் இவரது பெயர் எவ்தோக்கியா என்று வழங்கும். இவர் இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

அண்ணன் போரிஸ் அரியணை ஏறிய பின்னர், அவருக்கு மனைவி அமையும் வரை அரண்மனையில் முதல் பெண்மணியின் இடத்தில் இருந்தவர் யூடோக்சியா. அரசியல் சட்டப்படி இவருக்கு எந்தப் பதவியும் இல்லை. அரியணையில் உரிமையும் இல்லை. ஆயினும் மன்னரின் நம்பிக்கைக்கு மிகவும் உரியவராக இவர் விளங்கினார். முடியாட்சி வீழ்ந்தபோது அக்குடும்பத்தின் துன்பத்திலும் இவர் முழுப் பங்கு பெற்றார். உடன்பிறந்த நால்வரில் கடைசிவரை உயிர் வாழ்ந்தவரும் இவரே.

குடும்பப் பின்னணி

பல்கேரியா 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. 1877–78 ஆம் ஆண்டுகளில் நடந்த உருசிய–துருக்கியப் போருக்குப் பின் அது தன்னாட்சி பெற்ற சிற்றரசாயிற்று. பழைய அரச மரபுகள் அழிந்துவிட்டதால், ஐரோப்பாவின் அரச குடும்பங்களிலிருந்து ஒருவரை அழைத்து வந்து ஆட்சியில் அமர்த்தும் வழக்கம் அக்காலத்தில் பால்கன் நாடுகளில் இருந்தது. கிரேக்கமும் ருமேனியாவும் இவ்வாறே மன்னர்களைப் பெற்றன. பல்கேரியாவின் முதல் இளவரசரான அலெக்சாண்டர் 1886இல் பதவி விலகினார். மறு ஆண்டு, ஜெர்மானியச் சாக்ஸ்-கோபுர்க் மரபின் ஒரு கிளையில் பிறந்த பெர்டினாண்டைப் பல்கேரிய நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது.

பெர்டினாண்டின் தாய் கிளமெண்டின், பிரான்சின் மன்னராக இருந்த லூயி பிலிப்பின் மகள். 1893இல் பெர்டினாண்டு, பார்மாக் குறுநிலத்தின் முன்னாள் ஆட்சியாளர் முதலாம் ராபர்ட்டின் மூத்த மகளான மரீ லூயிசை மணந்தார். ராபர்ட்டுக்கு இரு மனைவியர் மூலம் மொத்தம் 24 குழந்தைகள். ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசியான சீட்டாவும் அவர்களுள் ஒருவர். ஆகவே பேரரசி சீட்டா, யூடோக்சியாவுக்குச் சித்தி முறை ஆகிறார்.

பெர்டினாண்டும் மரீ லூயிசும் கத்தோலிக்கர்கள். பல்கேரிய மக்களுள் பெரும்பான்மையோர் கிழக்கு மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். மூத்த மகன் போரிஸ் முதலில் கத்தோலிக்கராகவே திருமுழுக்குப் பெற்றிருந்தார். உருசியாவின் ஆதரவைப் பெறும் பொருட்டு 1896இல் பெர்டினாண்டு அவரை மரபுவழித் திருச்சபைக்கு மாற்றினார். உருசியப் பேரரசர் இரண்டாம் நிக்கலாஸ் அக்குழந்தைக்கு ஞானத்தந்தை ஆனார். இதனால் மனம் நொந்த மரீ லூயிஸ் சில காலம் நாட்டை விட்டு விலகி இருந்தார். யூடோக்சியா பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்ச்சி இது.

உடன்பிறந்தோர்

போரிஸ் (1894–1943) – பின்னாளில் மன்னர் மூன்றாம் போரிஸ்
கிரில் (1895–1945) – பின்னாளில் அரசப் பிரதிநிதி
யூடோக்சியா (1898–1985)
நதேஷ்டா (1899–1958) – வூர்ட்டம்பெர்க் அரச குடும்பத்தில் மணம் செய்தவர்

இளமை

யூடோக்சியா 1898 ஜனவரி 5 அன்று பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவில் பிறந்தார். இவருக்கு ஒரு வயது நிறைந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், 1899 ஜனவரி 30 அன்று தங்கை நதேஷ்டா பிறந்தார். மறுநாளே தாய் மரீ லூயிஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 29. பிளோவ்டிவ் நகரிலுள்ள தூய லூயிஸ் கத்தோலிக்கப் பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

தாயை இழந்த நான்கு குழந்தைகளின் வளர்ப்பைப் பாட்டி கிளமெண்டின் கவனித்துக்கொண்டார். செல்வமும் உலக அறிவும் மிக்க அவர், மகனின் அரியணையை நிலைநிறுத்தத் தம் பொருளைச் செலவிட்டவர். 1907 பிப்ரவரியில் வியன்னா நகரில் அவரும் இறந்தார். அப்போது யூடோக்சியாவுக்கு வயது 9.

1908இல் பெர்டினாண்டு ஜெர்மானிய இளவரசியான எலியனோரை மறுமணம் செய்துகொண்டார். உருசிய–ஜப்பானியப் போரின்போது செவிலியாகப் பணியாற்றியவர் எலியனோர். அவருக்குக் குழந்தைகள் இல்லை. கணவரின் நான்கு பிள்ளைகளுக்கும் அவரே தாயாக இருந்தார். பால்கன் போர்களிலும் முதல் உலகப் போரிலும் காயமுற்ற வீரர்களுக்கு அவர் பணிவிடை செய்தார். 1917 செப்டம்பரில், கருங்கடல் கரையிலுள்ள யுக்சினோகிராத் அரண்மனையில் அவர் காலமானார். இவ்வாறு யூடோக்சியா இருபது வயது நிறைவதற்குள் தாய், பாட்டி, சிற்றன்னை ஆகிய மூவரையும் இழந்தார். தந்தை கண்டிப்பானவர். எனவே உடன்பிறந்த நால்வரும் ஒருவருக்கொருவர் துணையாகவே வளர்ந்தனர். போரிசுக்கும் யூடோக்சியாவுக்கும் இடையே நெருங்கிய பிணைப்பு உண்டாயிற்று.

முடியரசும் போர்களும்

1908 அக்டோபர் 5 அன்று (பழைய நாட்காட்டியின்படி செப்டம்பர் 22) வெலிக்கோ தர்னோவோ நகரில் பெர்டினாண்டு பல்கேரியாவின் முழு விடுதலையை அறிவித்தார். இடைக்காலப் பல்கேரிய அரசர்கள் சூடிய 'ஜார்' என்னும் பட்டத்தையும் ஏற்றார். இதனால் சிற்றரசரின் மகளாக இருந்த யூடோக்சியா ஒரு முடியரசின் இளவரசியானார்.

ஆயினும் தர்னோவோ அரசியல் சட்டத்தின்படி அரியணை ஆண் வாரிசுகளுக்கு மட்டுமே உரியது. மூத்த மகளாக இருந்தும் யூடோக்சியாவுக்கு வாரிசுரிமை கிடையாது. அக்கால அரச குடும்பங்களில் பெண்களின் திருமணம் நாடுகளுக்கிடையே உறவை வளர்க்கும் வழியாகவும் கருதப்பட்டது. யூடோக்சியா மண வயதை அடைந்த ஆண்டுகளிலோ பல்கேரியா ஒன்றன்பின் ஒன்றாகப் போர்களில் ஈடுபட்டிருந்தது.

1912இல் தொடங்கிய முதல் பால்கன் போரில் பல்கேரியா, செர்பியா, கிரேக்கம், மொண்டெனேகுரோ ஆகியன சேர்ந்து துருக்கியை வென்றன. வென்ற நிலங்களைப் பங்கிடுவதில் எழுந்த பூசலால் 1913இல் இரண்டாம் பால்கன் போர் மூண்டது. அதில் பல்கேரியா தோற்றது. இழந்த நிலங்களை மீட்கும் நோக்குடன் 1915இல் அது ஜெர்மனியின் பக்கம் சேர்ந்து முதல் உலகப் போரில் இறங்கியது. 1918 செப்டம்பரில் அதன் போர்முனை குலைந்தது. போர் நிறுத்தத்திற்குச் சில நாட்களுக்குப் பின், அக்டோபர் 3 அன்று, பெர்டினாண்டு முடி துறந்து ஜெர்மனியின் கோபுர்க் நகருக்குச் சென்றார். 24 வயதான போரிஸ் மன்னரானார்.

தந்தையின் மற்ற பிள்ளைகள் மூவரும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. சோஃபியா அரண்மனையில் போரிஸ் மட்டும் தனியே எஞ்சினார். தங்கையர் இருவரும் 1921 வரை அவரைப் பார்க்க வர அனுமதிக்கப்படவில்லை. தம்பி கிரில் 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரண்மனையின் முதல் பெண்மணி

யூடோக்சியா திரும்பி வந்தபோது பல்கேரியா மிகவும் நலிந்திருந்தது. 1919 நவம்பரில் கையொப்பமான நெய்யி உடன்படிக்கையால் அது ஏஜியன் கடற்கரையை இழந்தது. 225 கோடி தங்கப் பிராங்கு இழப்பீடாகச் செலுத்துமாறு பணிக்கப்பட்டது. இழந்த பகுதிகளிலிருந்து வந்த அகதிகள் நகரங்களில் நிறைந்தனர்.

அரண்மனையில் அப்போது அரசி இல்லை. வெளிநாட்டு விருந்தினரை வரவேற்பது, விழாக்களில் மன்னருடன் தோன்றுவது போன்ற அரசியின் கடமைகள் சகோதரிகளிடம் வந்தன. 1924 ஜனவரியில் நதேஷ்டா வூர்ட்டம்பெர்க் மரபைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் யூஜெனை மணந்து ஜெர்மனிக்குச் சென்றார். அதன்பின் இப்பொறுப்பு யூடோக்சியா ஒருவருடையதாயிற்று.

அக்காலத்தில் அரசியல் படுகொலைகள் மலிந்திருந்தன. 1923 ஜூனில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பில் விவசாயிகள் கட்சித் தலைவரும் பிரதமருமான ஸ்தாம்போலீஸ்கி கொல்லப்பட்டார். 1925 ஏப்ரல் 14 அன்று அரபகோனாக் கணவாய் வழியே காரில் வந்த மன்னர் போரிஸ் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. உடன் வந்தோரில் சிலர் இறந்தனர். மன்னர் உயிர் தப்பினார். அதே நாளில் சோஃபியாவில் ஒரு தளபதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று தூய நெதெல்யா தேவாலயத்தில் அவரது இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோது, கூரையில் வைக்கப்பட்ட வெடிபொருள் வெடித்து 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொதுவுடைமைக் கட்சியின் இராணுவப் பிரிவினர் இதைச் செய்தனர். மன்னர் அவ்வேளையில் அங்கு இல்லாததால் பிழைத்தார். மணமாகாத மன்னருக்கு வாரிசு இல்லாத அந்நாட்களில், அவர் மனம்விட்டுப் பேசக்கூடிய மிகச் சிலருள் யூடோக்சியா முதன்மையானவர்.

1930 அக்டோபர் 25 அன்று இத்தாலியின் அசிசி நகரில் போரிஸ், இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலின் மகளான ஜியோவானாவை மணந்தார். நாட்டுக்கு அரசி கிடைத்ததால் யூடோக்சியா முதல் பெண்மணி என்ற நிலையிலிருந்து விலகினார். 1933இல் இளவரசி மரீ லூயிசும், 1937இல் இளவரசர் சிமியோனும் பிறந்தனர். மூத்த குழந்தைக்கு அதன் மறைந்த பாட்டியின் பெயரே சூட்டப்பட்டது. அரசியல் சட்டப்படி எந்தக் கடமையும் இல்லாதபோதும், அண்ணனுக்கு அணுக்கமானவர் என்ற நிலையை யூடோக்சியா இழக்கவில்லை. தாயகத்தை விட்டு வேறு நாட்டில் குடியேறவும் இல்லை.

இரண்டாம் உலகப் போர்

1940 செப்டம்பரில் தெற்குத் தோப்ருஜா பகுதியைப் பல்கேரியா போரின்றித் திரும்பப் பெற்றது. 1941 மார்ச் 1 அன்று அது அச்சு நாடுகளுடன் சேர்ந்தது. எனினும் சோவியத் ஒன்றியத்தின் மீது போர் தொடுக்கப் போரிஸ் மறுத்தார். 1943 மார்ச்சில், பல்கேரிய நிர்வாகத்தின் கீழிருந்த திரேசு, மாசிடோனியா முதலிய பகுதிகளிலிருந்து 11,000க்கும் மேற்பட்ட யூதர்கள் ஜெர்மானியரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். பல்கேரியாவின் பழைய எல்லைக்குள் வாழ்ந்த ஏறத்தாழ 48,000 யூதர்களோ, நாடாளுமன்றத் துணைத் தலைவர் பெஷெவ், திருச்சபைத் தலைவர்கள் முதலியோரின் எதிர்ப்பால் நாடு கடத்தப்படாமல் தப்பினர். இவ்விரு நிகழ்வுகளிலும் மன்னரின் பொறுப்பு எவ்வளவு என்பது வரலாற்றாய்வாளர்களால் தொடர்ந்து விவாதிக்கப்படுகிறது.

1943 ஆகஸ்ட் நடுவில் போரிஸ் ஹிட்லரைச் சந்தித்துத் திரும்பினார். இரண்டு வாரங்களுக்குள் நோயுற்று, ஆகஸ்ட் 28 அன்று தமது 49ஆம் வயதில் இறந்தார். திடீரென நேர்ந்த இம்மரணம் பல ஐயங்களுக்கு இடமளித்தது. அவரது உடல் ரீலா மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஆறு வயதுச் சிமியோன் மன்னரானார். அவரது பெயரால் ஆட்சி செய்ய இளவரசர் கிரில், பிரதமராக இருந்த போக்தான் ஃபிலோவ், தளபதி நிக்கோலா மிக்கோவ் ஆகிய மூவர் அரசப் பிரதிநிதிகளாக நியமிக்கப்பட்டனர். இவர்களைத் தேர்ந்தெடுக்க மாபெரும் தேசிய சபையைக் கூட்ட வேண்டும் என்பது சட்டம். போர்க்காலத்தில் அது கூட்டப்படவில்லை. சாதாரண நாடாளுமன்றமே நியமனத்தைச் செய்தது. இவ்வாறு யூடோக்சியாவின் மற்றோர் அண்ணனும் அரசியலின் நடுவே வந்து நின்றார்.

கைதும் அண்ணனின் மரணமும்

1944 செப்டம்பர் 5 அன்று சோவியத் ஒன்றியம் பல்கேரியா மீது போர் அறிவித்தது. செப்டம்பர் 9 அன்று பொதுவுடைமைக் கட்சியை முதன்மையாகக் கொண்ட தாய்நாட்டு முன்னணி ஆட்சியைக் கைப்பற்றியது. அரசப் பிரதிநிதிகள், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எனப் பலர் கைது செய்யப்பட்டனர். மக்கள் நீதிமன்றம் எனப்பட்ட சிறப்பு நீதிமன்றம் அவர்களை விசாரித்தது. 1945 பிப்ரவரி 1 அன்று மரண தண்டனை அறிவிக்கப்பட்டு, அன்றிரவே இளவரசர் கிரிலும் மற்ற இரு பிரதிநிதிகளும் பலருடன் சேர்த்துச் சோஃபியாவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். கிரிலும் திருமணம் ஆகாதவர்.

யூடோக்சியாவும் கைது செய்யப்பட்டார். விசாரணையின்போது அவர் துன்புறுத்தப்பட்டதாக அவரது வரலாற்றைக் குறிப்பிடுவோர் எழுதுகின்றனர். அவர் அரசப் பதவி எதையும் வகித்ததில்லை. ஆணை எதிலும் கையொப்பமிட்டதில்லை. ஒரு மன்னருக்கும் ஓர் அரசப் பிரதிநிதிக்கும் தங்கை என்பதே அவரைப் புதிய ஆட்சியின் ஐயத்துக்கு உள்ளாக்கியது. பதினெட்டு மாதங்களுக்குள் இரு அண்ணன்மாரையும் அவர் இழந்திருந்தார்.

நாடு கடந்த வாழ்வு

1946 செப்டம்பர் 8 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகள் குடியரசுக்கு ஆதரவாகப் பதிவானதாக அறிவிக்கப்பட்டது. சோவியத் படைகள் நாட்டில் இருந்த நிலையில் நடந்த வாக்கெடுப்பு இது. செப்டம்பர் 16 அன்று அரசி ஜியோவானாவும் அவருடைய இரு குழந்தைகளும் யூடோக்சியாவும் நாட்டை விட்டு வெளியேறினர். சிமியோனுக்கு அப்போது வயது 9, யூடோக்சியாவுக்கு 48. ஜியோவானாவின் தந்தை எகிப்தில் அடைக்கலம் புகுந்திருந்ததால், குடும்பத்தினர் இஸ்தான்புல் வழியாக அலெக்சாந்திரியா சென்றனர். ஜியோவானாவும் குழந்தைகளும் 1951இல் ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்தனர்.

யூடோக்சியா பின்னர் ஜெர்மனியின் தென்பகுதிக்குச் சென்று தங்கை நதேஷ்டாவின் குடும்பத்தாருடன் வாழ்ந்தார். முடி துறந்த தந்தை பெர்டினாண்டு, தம் மகன்கள் இருவரும் இறந்ததைக் கண்ட பின் 1948 செப்டம்பரில் கோபுர்க்கில் காலமானார். 1958இல் நதேஷ்டா இறந்தார். அதன்பின் 27 ஆண்டுகள், உடன்பிறந்த நால்வரில் யூடோக்சியா மட்டுமே எஞ்சியிருந்தார்.

1985 அக்டோபர் 4 அன்று போடன்சே ஏரிக்கரையிலுள்ள பிரீட்ரிக்ஷாபன் நகரில், தமது 87ஆம் வயதில் யூடோக்சியா காலமானார். 1946இல் விட்டு வந்த தாய்நாடு அப்போதும் பொதுவுடைமை ஆட்சியிலேயே இருந்தது.

பிற்கால நிகழ்வுகள்

யூடோக்சியா இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1989 நவம்பரில், பல்கேரியாவில் பொதுவுடைமை ஆட்சி முடிவுக்கு வரத் தொடங்கியது. அவருடைய குடும்பத்தைப் பற்றிய பல செய்திகள் அதன் பின்னரே அந்நாட்டில் வெளிப்படையாகப் பேசப்பட்டன.

மன்னர் போரிசின் உடல் 1946இல் ரீலா மடாலயத்திலிருந்து அகற்றப்பட்டு, சோஃபியாவுக்கு அருகிலுள்ள விரானா அரண்மனை வளாகத்தில் புதைக்கப்பட்டிருந்தது. பின்னர் அந்தக் கல்லறையும் அழிக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அங்கு நடந்த தேடலில் அவரது இதயம் மட்டும் கிடைத்தது. 1993இல் அது ரீலா மடாலயத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. இளவரசர் கிரிலும் மற்றவர்களும் பெற்ற தண்டனைத் தீர்ப்பைப் பல்கேரிய உச்ச நீதிமன்றம் 1996இல் செல்லாததாக்கியது. ஐம்பத்தோராண்டுகளுக்குப் பின் வந்த இத்தீர்ப்பைக் கேட்க யூடோக்சியா உயிருடன் இல்லை.

அதே 1996இல் சிமியோன் பல்கேரியாவுக்குத் திரும்பி வந்தார். அவர் தொடங்கிய கட்சி 2001ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றது. 2005 வரை அவர் பிரதமராகப் பணியாற்றினார். குழந்தைப் பருவத்தில் மன்னராக இருந்து, முதிய வயதில் மக்கள் வாக்கால் அரசுத் தலைமையை ஏற்றவர் என்ற வகையில் உலக வரலாற்றில் அவருக்குத் தனியிடம் உண்டு.

யூடோக்சியா நடமாடிய சோஃபியா அரண்மனை பின்னாளில் தேசிய ஓவியக் கூடமாகவும் இனவியல் அருங்காட்சியகமாகவும் மாற்றப்பட்டது.

காலவரிசை

1898 – சோஃபியாவில் பிறப்பு
1899 – தங்கை நதேஷ்டா பிறப்பு, தாயின் மறைவு
1907 – பாட்டி கிளமெண்டின் மறைவு
1908 – தந்தையின் மறுமணம், பல்கேரியா முடியரசாதல்
1918 – தந்தை முடி துறத்தல். நாட்டை விட்டு வெளியேறல்
1921 – தாயகம் வர அனுமதி
1930 – மன்னர் போரிசின் திருமணம்
1943 – போரிஸ் மறைவு
1944 – ஆட்சி மாற்றம், அதையடுத்துக் கைது
1945 – கிரில் கொல்லப்படல்
1946 – முடியாட்சி ஒழிப்பு. இரண்டாம் முறையாக நாட்டை விட்டு வெளியேறல்
1958 – நதேஷ்டா மறைவு
1985 – பிரீட்ரிக்ஷாபனில் மறைவு